மலையேறும் தம்பிக்கும் கதிர்காமம் நடக்கும் சித்தப்பாவுக்கும் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். நீங்கள் இருப்பது மட்டக்களப்புக் கல்லடியில். லீவு சேர்ந்து வந்தால் போதும், தம்பி சிநேகிதர்களோடு நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை என்று முதுகில் பையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவருக்குப் பிறந்தநாள் வருகிறது. சித்தப்பா ஆடியில் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர், அவருக்கும் உருப்படியாக ஏதாவது கொடுத்தனுப்ப ஆசை. ஆளுக்கு 3,000 ரூபாவுக்கு மேல் செலவழிக்க ஏலாது. கடைகளில் பார்த்ததில் நல்லதெல்லாம் பிடிக்க முடியாத விலை, விலை குறைந்ததெல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது.

3,000 தாராளமாகப் போதும். இந்தக் காசுக்கு எதைத் தேடுவது என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நடக்கிற ஆளுக்கு நாம் எதைக் கொடுத்தாலும் அதை அவர்தான் சுமக்கப் போகிறார். ஒரு லீற்றர் தண்ணீரே ஒரு கிலோ. அதற்கு மேல் சாப்பாடு, உடுப்பு, படுக்கிற சாமான் எல்லாம் முதுகில் ஏறும். ஆகவே பாரமில்லாத, அடிக்கடி கைக்கு வருகிற, அவர் தனக்கென்று காசு கொடுத்து வாங்க மறந்துபோகிற சின்னச் சாமானாகப் பாருங்கள். அந்தச் சின்னச் சாமானில் நல்லதாக வாங்குங்கள். பெரிய சாமானில் மலிந்ததை வாங்கினால் அது வீட்டு அலுமாரிக்குத்தான் போகும், இல்லாவிட்டால் காட்டுக்குள் வைத்து அவரைக் கைவிடும்.

கூடாரம், பெரிய முதுகுப்பை, படுக்கைப் பை இந்த மூன்றையும் இப்போதே பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். இந்த விலையில் வருகிற கூடாரம் ஒரு பெருமழைக்குத் தாங்காது. பையில் முதலில் போவது தோள்பட்டி பையோடு சேருகிற இடத்துத் தையல், அதுவும் பை நிறையச் சாமான் இருக்கிற நாளில்தான் போகும். சப்பாத்து நல்லதோ மலிந்ததோ, இன்னொருவருக்காக நாம் வாங்கக் கூடாத சாமான். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கும், இறக்கத்தில் விரல்கள் முன்னுக்குப் போய் முட்டும். விவரம் தெரிந்தவர்கள் பின்னேரம் கடைக்குப் போய், வழக்கமாகப் போடுகிற மேஸோடு (காலுறையோடு) போட்டு நடந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். பதினைந்து தகடு மடிந்திருக்கிற கத்தி, கனமான எவர்சில்வர் போத்தல், பெயர் பொறித்த கோப்பை இவையும் வேண்டாம். வாங்குகிறவருக்குக் கையில் எடுக்கும்போது சந்தோஷமாக இருக்கும். சுமக்கிறவருக்கு முதல் ஏற்றத்திலேயே பாரம் தெரியும்.

தம்பியை முதலில் பார்ப்போம்.

நம்முடைய பக்கத்துப் பிள்ளைகள் மலைக்குப் போகும்போது இரண்டு விஷயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று குளிர். மட்டக்களப்பில் வளர்ந்த பிள்ளையிடம் கம்பளி உடுப்பு இருக்காது, இருக்கத் தேவையும் இல்லை. ஆனால் ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்தில் இருந்து 2,000 மீற்றருக்கு மேல். தை, மாசி மாத விடியற்காலைகளில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படுகிற நாட்களும் உண்டு. மற்றது மழை. இங்கே வைகாசி தொடங்கி ஆவணிவரை கச்சான் என்கிற வறண்ட காற்று அடித்து நிலம் வெடித்துக் கிடக்கும்போது, ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது வெயில் கொளுத்துவதால் மழைக்கோட்டின் நினைப்பே வராது. செங்கலடியில் இருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறுகிற பஸ்ஸில் பாதி வழி போன பிறகுதான் யன்னலைச் சாத்தத் தோன்றும்.

ஆகவே காதை மூடுகிற கம்பளித் தொப்பி ஒன்றும் மெல்லிய கையுறை ஒரு சோடியும் அவருக்கு மிக நல்ல அன்பளிப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு ஆப்பிள் பாரம்கூட வராது. பருத்தியில் எடுக்க வேண்டாம். பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுக்கும். கம்பளி, இல்லாவிட்டால் பிளீஸ் என்று சொல்கிற பஞ்சு மாதிரியான செயற்கைத் துணி, நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், கெதியாகக் காயும். வெளிநாட்டு உடுப்புகளைக் குவித்துப் போட்டு விற்கிற கடைகளில் இவை மலிவாக அகப்படும். தைத்த இடங்களை இழுத்துப் பார்த்து எடுங்கள்.

இனி நான் முதலாவதாகச் சிபாரிசு செய்கிற சாமானுக்கு வருகிறேன். அட்டைக் காலுறை, இரத்தம் குடிக்கிற அட்டை காலில் ஏறாமல் தடுப்பது. பொடியன்கள் லீச் சொக்ஸ் என்பார்கள். நக்கிள்ஸ் பக்கம் மீமுரே, கோர்பெட்ஸ் கேப் என்று மழைக்காலத்தில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் சொல்வது அட்டையைப் பற்றித்தான். சாதாரண மேஸின் பின்னல் இடைவெளிக்குள்ளால் அட்டை நூல் மாதிரி மெலிந்து உள்ளே போய்விடும். கடிக்கும்போது வலியே இருக்காது. இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை எச்சிலோடு செலுத்திவிடுவதால், அது குடித்து முடித்து விழுந்த பிறகும் கசிவு நெடுநேரம் நிற்காது. உப்பையும் நெருப்பையும் கொண்டு அலைவதை விட, வாய் ஒட்டியிருக்கிற மெல்லிய முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுவதுதான் நல்லது. சூடு வைத்தால், உப்புப் போட்டால், அட்டை உள்ளே இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கக் கூடும்.

இந்தக் காலுறையைக் கடையில் தேடி அலையத் தேவையில்லை. காத்தான்குடிக் கடைகளில் நெருக்கமான நெசவுள்ள பொப்ளின் துணி வாங்கி, தெரிந்த தையல்காரரிடம் கொடுத்தால் ஒரு பின்னேரத்து வேலை. சொல்ல வேண்டியதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். தம்பியின் பழைய மேஸ் ஒன்றை மேசையில் தட்டையாக விரித்து, அதன் பாத வடிவத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் கூட்டி வெட்ட வேண்டும். பாதத்தில் இருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை ஒரே நீளமாக வர வேண்டும். கெண்டைக்கால் பகுதி தளர்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் காற்சட்டையின் கீழ்ப்பாகத்தை அதற்குள் செருகித்தான் கட்டுவார்கள். தையல் விளிம்பு வெளிப்பக்கம் வரட்டும். உள்ளே வந்தால் சப்பாத்துக்குள் விரலை அராவி எடுத்துவிடும். மேல் வாயில் இலாஸ்டிக்கை விட இழுத்துக் கட்டுகிற நாடா நல்லது, இலாஸ்டிக் நடக்க நடக்க இறங்கிவிடும். நிறம் வெள்ளை, இளமஞ்சள் மாதிரி வெளிறியதாக இருந்தால் ஏறி வருகிற அட்டை கண்ணுக்குத் தெரியும். மேஸுக்கு மேலே, சப்பாத்துக்கு உள்ளே போடுவது இது. ஆகவே துணி தடித்ததாக இருக்கக் கூடாது. கொஞ்சம் கூடுதலாகத் துணி எடுத்தால் சிநேகிதர்களுக்கும் ஒவ்வொரு சோடி தைக்கலாம், அந்தக் கூட்டத்திலேயே உங்கள் தம்பிக்கு நல்ல பெயர் வரும்.

அடுத்தது தலையில் கட்டுகிற டோர்ச். சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் போயாவில் (பௌர்ணமியில்) இருந்து வைகாசிப் போயாவரைதான் பருவம். அந்த மாதங்களில் நல்லதண்ணிப் படிக்கட்டு வழி நெடுக வெளிச்சம் இருக்கும். மற்ற மாதங்களில் இருட்டுத்தான், அதோடு மழையும். விடியலை உச்சியில் பார்க்க வேண்டுமென்றால் நடுச்சாமத்தில் ஏறத் தொடங்க வேண்டும். ஒரு கையில் போனைப் பிடித்து வெளிச்சம் பார்த்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியைப் பிடித்து, ஈரப் படியில் இறங்குகிற பிள்ளைகளைப் பார்க்கப் பயமாக இருக்கும். தலை டோர்ச் இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும், போனின் பற்றரியும் மிஞ்சும்.

கடையில் வெளிச்சத்தின் அளவை 10,000 லூமன், 20,000 லூமன் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். இந்த விலையில் அது நடக்காத காரியம். நடக்கிறதற்கு 200 லூமன் வெளிச்சமே நிறையக் காணும். அதற்குப் பதிலாக இவற்றைப் பாருங்கள்: விளக்கை மேலும் கீழும் சாய்க்க முடிகிறதா, சாய்த்த இடத்தில் நிற்கிறதா. குறைந்த வெளிச்ச நிலை ஒன்று இருக்கிறதா. சுவிட்ச் பைக்குள் தானாக அமுங்கி எரியாத மாதிரி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதா. மழைத் தூறலைத் தாங்கும் என்பதற்கு ஐபிஎக்ஸ்4 என்ற குறி இருக்கிறதா. சார்ஜ் பண்ணுகிறதென்றால் அவருடைய போன் வயரே பொருந்துகிறதா. சாதாரண சின்னப் பற்றரி போடுகிற வகையும் நல்லதுதான், தேயிலைத் தோட்டத்துக் கடையிலும் அது வாங்கலாம். சிவப்பு வெளிச்சம் உள்ளது கிடைத்தால் எடுங்கள். இரவில் கூடாரத்துக்குள் பக்கத்தில் படுத்திருக்கிறவரின் கண்ணைக் கூசாது.

மேஸும் நல்ல அன்பளிப்புத்தான். பிறந்தநாளுக்கு மேஸா என்று நினைப்பீர்கள். கால் கொப்பளித்து மூன்று மணித்தியாலம் இறங்கி வந்த ஆள் அப்படி நினைக்க மாட்டார். கொப்பளம் வருவதற்கு வேர்வை ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர வேண்டும். பருத்தி மேஸ் ஈரத்தைப் பிடித்து வைத்து அந்த மூன்றையும் கூட்டிக் கொடுக்கும். நைலோன், பொலியெஸ்டர் கலந்த, குதியிலும் விரலிலும் தடித்துப் பின்னிய விளையாட்டு மேஸ் இரண்டு சோடி வாங்கினால் ஒன்றைப் போட்டு மற்றதைப் பையில் காய வைக்கலாம். விரல் பக்கத் தையலை உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், முடிச்சு மாதிரித் தட்டுப்பட்டால் வேண்டாம்.

மேஸோடு சேர்த்து ஒரு சின்ன டப்பா நீங்களே செய்து கொடுக்கலாம். சாமான் எல்லாம் மட்டக்களப்பு டவுனில் ஒரே சுற்றில் வாங்கக்கூடியவை. மருந்துக்கடையில் துத்தநாக ஒக்சைட் பிளாஸ்டர் என்று துணியில் வருகிற ஒட்டுப்பட்டிச் சுருள் கேளுங்கள். காலில் ஒரு இடம் சூடாக உறுத்தத் தொடங்கும்போதே அதை ஒட்டிவிட்டால் கொப்பளம் வராமல் தடுக்கலாம், வந்த பிறகு ஒட்டுவதில் பாதிப் பலன்தான். ஜீவனிப் பக்கெட் (உடம்பில் நீர் வற்றாமல் இருக்கத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்) நான்கைந்து, வலிக்குப் பூசுகிற சித்தாலேப சின்னச் சிமிழ் ஒன்று, ஊசி, சப்பாத்தும் பையும் தைக்கிற தடித்த நூல், சட்டைப்பின், மெல்லிய நைலோன் கயிறு சில மீற்றர், அதோடு ஒரு விசில். விசிலை மறக்க வேண்டாம். மூடுபனி இறங்கினால் நக்கிள்ஸில் முன்னால் போகிறவர் தெரியாமல் போய்விடுவார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும், விசில் சத்தம் அதை விடத் தூரம் போகும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைக்காரர்கள் உதவி கேட்கிற முறை. அதை ஒரு துண்டில் எழுதி டப்பாவுக்குள் வையுங்கள். வீட்டில் கிடக்கிற பழைய டொபி டின்னே டப்பாவுக்குப் போதும்.

பைக்குள் சாமான் பிரித்து வைப்பதற்குத் துணிப் பைகளும் அதே தையல்காரரிடம் தைக்கலாம். ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீன் இருக்கிறதா என்று பைகளைச் சோதிப்பார்கள், பிஸ்கட்டின் உறையைக்கூடக் கழற்றச் சொல்வார்கள். வாய் இறுக்கிக் கட்டுகிற மெல்லிய துணிப் பைகள் வேறு வேறு நிறத்தில் நாலு இருந்தால் சாப்பாடு ஒன்றில், மாற்றுடுப்பு ஒன்றில் என்று வைத்துக்கொள்ளலாம், இருட்டிலும் தேடி எடுக்கலாம்.

சாப்பாடும் அன்பளிப்புத்தான், அதுவும் சுமக்கச் சுமக்கக் குறைகிற அன்பளிப்பு. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாச்சத்தும் புரதமும் 4 கலோரி. 100 கிராம் சோற்றில் 130 கலோரி அளவுதான், அதே 100 கிராம் வறுத்த கச்சானில் (நிலக்கடலையில்) 570 கலோரிக்கு மேல். கச்சான், கஜு, எள்ளுருண்டை, பனங்கட்டி, வறுத்து இடித்த சத்துமா எல்லாம் நடக்கிறவருக்காகவே செய்த மாதிரி. எள்ளுருண்டையைச் சின்னதாக, வாய்க்குள் ஒன்று போடுகிற அளவுக்குப் பிடியுங்கள். நடந்துகொண்டே சாப்பிட வேண்டுமே. உப்பும் மிளகாய்த் தூளும் பிரட்டிய கச்சானும் கொஞ்சம் வையுங்கள், வேர்த்து நடக்கும்போது இனிப்பு தெவிட்டும், வாய் உப்புத் தேடும்.

தம்பி வரைபடம் பார்க்கிற ஆள் என்றால் இன்னொன்று சொல்கிறேன். நில அளவைத் திணைக்களம் நாடு முழுவதையும் 1:50,000 அளவில் 92 தாள்களாக வெளியிட்டிருக்கிறது. வரைபடத்தில் 2 சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். கொழும்பு நாரஹேன்பிட்டயில் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற சொந்தக்காரர் யாரிடமும் சொல்லி, அவர் அடுத்துப் போகப்போகிற மலையின் தாளை எடுத்து வரச் சொல்லுங்கள். போனில் வரைபடம் இருக்கிறதே என்பார். சிக்னலும் பற்றரியும் போன இடத்தில் காகிதம்தான் துணை. அதோடு, வீட்டில் விரித்து வைத்து அடுத்த பயணத்தை யோசிக்கிற சந்தோஷம் சின்னத் திரையில் வராது.

இனிச் சித்தப்பா. இவருடைய நடையை மலையேற்றத்தோடு ஒன்றாகப் பார்க்கக் கூடாது. மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று ஊர் ஊராகக் கோயில்களில் தங்கி உகந்தைக்குப் போய், காட்டுப்பாதை திறக்கிற நாளில் கூமுனைக் காட்டுக்குள் இறங்குவார்கள். கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யாலக் காட்டுக்குள்ளால் கதிர்காமம். ஆடி மாதம், மழையே இல்லை, கால் வைக்க முடியாத சுடுமணல். தம்பிக்கு எதிரி ஈரமும் குளிரும், சித்தப்பாவுக்கு வெயிலும் தாகமும். அதனால் தம்பிக்கு வேண்டாம் என்று நான் சொன்ன பருத்தி, சித்தப்பாவுக்குத்தான் முதல் தேவை.

அவருக்கு மருதமுனைச் சாரம் (இடுப்பில் கட்டுகிற லுங்கி) ஒன்று எடுங்கள். கல்லடியில் கல்முனை பஸ் ஏறினால் பெரியநீலாவணை தாண்டியதும் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன ஊர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெல்லிய பருத்திச் சாரம் காட்டுவழியில் செய்யாத வேலை இல்லை. ஆற்றில் குளிக்கும்போது கட்டலாம், உடுப்பு மாற்றும்போது மறைப்பு, மணலில் விரித்தால் பாய், விடியற்காலைக் குளிருக்குப் போர்வை, வெயிலுக்குத் தலையில் நனைத்துப் போட்டால் குடைக்கு மேல். சாமானை மூட்டையாகக் கட்டித் தோளில் போடலாம், கலங்கிய தண்ணீரை நாலாக மடித்து வடிக்கலாம், யாருக்காவது கால் பிசகினால் இரண்டு தடியில் கோத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். கச்சான் காற்றுக்குக் கொஞ்ச நேரத்தில் காய்ந்தும் விடும்.

எடுக்கும்போது முழுப் பருத்திதானா என்று பாருங்கள், கலப்பு நூல் சாரமும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். ஓரத்தில் தொங்குகிற நூல் ஒன்றைக் கேட்டு வாங்கி நெருப்புக் குச்சியில் பிடியுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் கலந்திருந்தால் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாகக் கட்டியாக நிற்கும். விற்கிறவர்கள் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்கள், நெசவு தெரிந்தவர்கள் தாங்களே கொளுத்திக் காட்டுவார்கள். சித்தப்பாவுக்குப் பிடித்த நிறம் எதுவானாலும், காட்டுக்குள் போவதற்கு மண்நிறமோ இளம்பச்சையோ நல்லது. அழுக்கும் தெரியாது, ஆனை, மாடு நிற்கிற இடத்தில் கண்ணைக் குத்தவும் செய்யாது.

தண்ணீர் விஷயத்தில் பணம் போடுவதும் நல்லது. காட்டுவழியில் பவுசர்களிலும் தாங்கிகளிலும் தண்ணீர் வைப்பார்கள், ஆனால் ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையில் தன் கையில் இருப்பதுதான். நல்ல கட்டியான இரண்டு பிளாஸ்டிக் போத்தல், அதைத் தோளில் குறுக்காக மாட்ட ஒரு துணி உறை. இதையும் தையல்காரரே செய்வார். உறையை நனைத்துவிட்டால் காற்றுப் பட்டு உள்ளே தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். திரும்பவும் நிரப்பக்கூடிய போத்தல் இருந்தால், குடித்துவிட்டு எறிகிற போத்தலும் குறையும். யாத்திரைக்காலம் முடிந்த பிறகு அந்தக் காட்டில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பார்த்தால் மனம் நோகும். மானும் மரையும் ஆனையும் திரிகிற இடம் அது, முருகனுடைய காடு என்று சொல்லிக்கொண்டுதானே நடக்கிறோம். ஜீவனிப் பக்கெட் பத்தாவது வையுங்கள். பக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கண்ணளவில் போடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். பிரஷர், சீனி வருத்தம், சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால், போக முதல் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். அவருடைய மாத்திரைகளை நாள் கணக்குப்படி பிரித்துப் போட்டு, பெயர் எழுதிய சின்ன டப்பா ஒன்று கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

சித்தப்பா வெறுங்காலோடு நடக்கிறவர் என்றால் மேஸ், சப்பாத்துப் பேச்சே எடுக்காதீர்கள், அது அவருடைய நேர்த்திக்கடன். பிளாஸ்டர் சுருளும் முள் எடுக்கிற சின்ன இடுக்கியும் போதும். ஊன்றுகோல் வைத்திருக்கிறவர் என்றால் மருந்துக்கடையில் அதன் அடிக்குப் போடுகிற ரப்பர்க் குமிழ் வாங்கிக் கொடுங்கள், பாணமைவரை தார் ரோட்டில் வழுக்காது. காட்டு மணலுக்கு அது தேவையில்லை, கழற்றி வைத்துக்கொள்ளலாம். தோலில் செய்த சாமான் எதுவும் வேண்டாம். சாப்பாடு கொடுத்தனுப்பினால் மாசியும் கருவாடும் கலக்காமல் பாருங்கள், விரதம் காக்கிற கூட்டம். எள்ளுருண்டை, சத்துமா, பனங்கட்டி, காய்ந்த உப்பு நெல்லிக்காய் எல்லாம் நல்லது. தனக்கென்று கொடுத்தாலும் கூட வருகிறவர்களுக்குப் பகிர்ந்துதான் சாப்பிடுவார், ஆகவே கொஞ்சம் கூடவே செய்யுங்கள்.

காசைப் பிரிக்கிறதென்றால் நான் இப்படிச் செய்வேன். தம்பிக்குப் பாதிக் காசைத் தலை டோர்ச்சுக்கு வைத்து, மிச்சத்தில் அட்டைக் காலுறையும் டொபி டின்னும். கம்பளித் தொப்பியும் அடங்கினால் சேருங்கள், அடங்காவிட்டால் மார்கழிக்கு முதல் வேறொரு சாட்டில் கொடுக்கலாம். டோர்ச்சுக்குப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள், வாங்கிய அன்றைக்கே முழுதாகச் சார்ஜ் பண்ணி எத்தனை மணித்தியாலம் எரிகிறது என்று வீட்டில் பார்த்துவிட்டால், சரியில்லாவிட்டால் உடனே கொண்டுபோய் மாற்றலாம். சித்தப்பாவுக்குச் சாரத்துக்குத்தான் கூடுதலாகப் போகும், போத்தல் உறையும் ஜீவனியும் மிச்சக் காசில் வந்துவிடும். அவருடையதை வெளிக்கிடுகிற அன்றைக்குக் கையில் கொடுக்காமல் இரண்டு கிழமைக்கு முதலே கொடுங்கள். புதுச் சாரத்தில் கஞ்சி இருக்கும், மொடமொடவென்று நிற்கும், தண்ணீரையும் உறிஞ்சாது. உப்புத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டு, இரண்டு மூன்று தரம் தோய்த்துக் காயப்போட்டால்தான் பதமாக வரும். நிறம் போகிற சாரம் என்றால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும், வெள்ளை வேட்டியோடு ஒரே மூட்டையில் கட்ட முதல்.